இது ஒரு நாள் காரியம் அல்ல: மார்பக அறுவை சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று பயாப்ஸி முடிவு வந்த அன்றே அறுவை சிகிச்சைக்குத் தேதியும் குறித்துவிட்டார்கள். ஆறு நாள் இடைவெளி. அந்த ஆறு நாளும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே பேச்சுதான்: கட்டி போக வேண்டும். எடுத்த பிறகு மார்பு எப்படி இருக்கும், அதை மறுபடி உருவாக்க முடியுமா, அதற்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. உயிர் ஊசலாடும் நேரத்தில் அழகைப் பற்றிக் கேட்பதா என்ற கூச்சம். ஒன்றரை வருடம் கழித்து மறுசீரமைப்புக்காக ஒரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் போனோம். அவர் தழும்பின் இரு பக்கமும் விரலால் தோலை மெல்லக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "முதல் அறுவை சிகிச்சைக்கு முன்பே வந்திருந்தால் இந்தத் தோலில் பெரும் பகுதியைக் காப்பாற்றியிருக்கலாம்" என்றார். அக்கா பதில் சொல்லவில்லை. துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அதன் பிறகு இந்த விஷயத்தில் பலரோடு பேசியிருக்கிறேன். புற்றுநோயால் மார்பை இழந்தவர்கள், அளவைக் கூட்டிக்கொள்ள நினைப்பவர்கள், பாரம் தாங்காமல் குறைத்துக்கொள்ள நினைப்பவர்கள் என்று ஒவ்வொருவர் காரணமும் வேறு. தவறு மட்டும் ஒரே இடத்தில்தான் பிறக்கிறது. அறுவை சிகிச்சை நடக்கும் அந்த ஒரு நாளையே எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்கு முந்தைய வாரங்களும் பிந்தைய வருடங்களும் கண்ணில் படுவதில்லை. நான் மருத்துவர் அல்ல. இங்கே எழுதுவது உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்க உதவினால் போதும்.

முதல் வெட்டுக்கு முன்பே கேட்காமல் விடுவது

பெரும்பாலான மார்பகப் புற்றுநோய்களில் ஓரிரு வாரம் எடுத்துக்கொண்டு இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதால் நோயின் போக்கு மாறிவிடாது. வேகமாகப் பரவும் சில வகைகளுக்கு இது பொருந்தாது. உங்களுடையது எந்த வகை, எத்தனை நாள் அவகாசம் இருக்கிறது என்று புற்றுநோய் மருத்துவரிடமே நேராகக் கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள்.

அந்த அவகாசத்தில் பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவரைப் பார்த்துவிட வேண்டும். மார்பை அகற்றித்தான் ஆக வேண்டும் என்றாலும், மேல்தோலை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் திசுவை மட்டும் எடுக்கும் முறை உண்டு. கட்டி காம்புக்கு அருகில் இல்லாமல் மற்ற நிலைமைகளும் சரியாக இருந்தால் காம்பையும் காப்பாற்ற முடியும். வெட்டு எங்கே விழ வேண்டும், எவ்வளவு தோல் மிஞ்ச வேண்டும் என்பதை இரண்டு மருத்துவர்களும் முன்கூட்டியே கலந்து பேசினால்தான் இதெல்லாம் நடக்கும். மறுசீரமைப்பை அன்றே செய்துகொள்வதா, சிகிச்சைகள் எல்லாம் முடிந்து ஒரு வருடம் கழித்துச் செய்துகொள்வதா என்பது அடுத்த கேள்வி. தள்ளிப்போடுவதில் தவறே இல்லை. பல வருடம் கழித்துச் செய்துகொண்டவர்களும் உண்டு. யோசித்துத் தள்ளிப்போடுவது வேறு, தெரியாமலேயே தள்ளிப்போய்விடுவது வேறு.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். முழு மார்பையும் எடுத்துவிட்டால்தான் உயிருக்குப் பாதுகாப்பு என்று குடும்பமே சேர்ந்து அழுத்தம் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆரம்ப நிலைப் புற்றுநோயில் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தவர்களும் முழு மார்பையும் எடுத்தவர்களும் ஒரே அளவு காலம் உயிர் வாழ்கிறார்கள் என்பதை அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியில் உம்பெர்டோ வெரோனேசியும் நடத்திய ஆய்வுகள் காட்டின. அவற்றின் 20 ஆண்டுக் கண்காணிப்பு முடிவுகள் 2002-இல் வெளியாயின. கட்டியை எடுத்த பள்ளத்தை அருகில் இருக்கும் திசுவைக் கொண்டே நிரப்பி வடிவைச் சரிசெய்யும் முறையும் இன்று இருக்கிறது. அதுபோல, பயத்தில் நோயில்லாத மற்ற மார்பையும் எடுத்துவிடச் சொல்பவர்கள் பலர். பி.ஆர்.சி.ஏ. போன்ற மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு அதற்கு வலுவான காரணம் இருக்கிறது. சராசரி ஆபத்து உள்ளவர்களுக்கு அதனால் ஆயுள் கூடுவதாகத் தெரியவில்லை. அறுவை சிகிச்சையின் சிக்கல்கள்தான் கூடும்.

பக்கத்து வீட்டுக்காரர் செய்ததையே செய்துகொள்வது

மறுசீரமைப்பில் இரண்டு பெரிய பாதைகள். ஒன்று இம்ப்ளான்ட், அதாவது சிலிகான் ஜெல்லோ சலைன் என்னும் உப்புநீரோ நிரம்பிய பையை உள்ளே வைப்பது. மற்றொன்று வயிறு, முதுகு, தொடை போன்ற இடங்களிலிருந்து சொந்தத் திசுவை எடுத்து மார்பாக வடிப்பது. இந்தத் திசுவை மருத்துவமனைகளில் ஃபிளாப் என்பார்கள். யாரோ ஒருவருக்கு இம்ப்ளான்ட் நன்றாக அமைந்தது என்பதற்காக அதையே கேட்பதும், யாரோ ஒருவருக்குக் கெட்டியாகிவிட்டது என்பதற்காக அதை ஒதுக்குவதும் ஒரே மாதிரியான தவறு. தீர்மானிக்க வேண்டியது உங்கள் உடம்பும் உங்களுக்கு வரப்போகும் சிகிச்சையும்.

குறிப்பாகக் கதிர்வீச்சு. கதிர்வீச்சு பட்ட தோல் இறுகும், அதன் ரத்த ஓட்டம் குறையும். அப்படிப்பட்ட தோலுக்கு அடியில் இம்ப்ளான்ட் வைத்தால் காயம் ஆறாமல் போவது, தொற்று, இம்ப்ளான்ட்டைச் சுற்றி உடல் உருவாக்கும் உறை சுருங்கி மார்பு கல் போல ஆவது என்று எல்லாச் சிக்கல்களும் கூடும். அதனால்தான் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குச் சொந்தத் திசுவைப் பல மருத்துவர்கள் விரும்புகிறார்கள். "எனக்குக் கதிர்வீச்சு தேவைப்படுமா?" என்ற கேள்விக்கு விடை தெரியாமல் மறுசீரமைப்பு முறையை முடிவு செய்யக் கூடாது என்பது இதனால்தான்.

சொந்தத் திசுவிலும் ஒன்றுக்கு ஒன்று வித்தியாசம் இருக்கிறது. 1982-இல் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் கார்ல் ஹார்ட்ரம்ப் அறிமுகப்படுத்திய டிராம் முறையில் அடிவயிற்றுக் கொழுப்போடும் தோலோடும் வயிற்றுத் தசையும் சேர்ந்து வரும். அதனால் வயிற்றுச் சுவர் பலவீனமாகி ஹெர்னியா வரலாம். பின்னர் வந்த டி.ஐ.ஈ.பி. முறையில் தசையை விட்டுவிட்டு, நுண்ணிய ரத்தக் குழாய்களோடு தோலையும் கொழுப்பையும் மட்டும் எடுத்து, மார்பில் இருக்கும் ரத்தக் குழாய்களோடு மைக்ரோஸ்கோப் வழியே தைத்து இணைக்கிறார்கள். இது பல மணி நேரம் பிடிக்கும் வேலை. அதில் நல்ல பழக்கம் உள்ள குழு வேண்டும். அக்காவுக்கு இதைத்தான் செய்தார்கள். முதல் இரவு முழுக்க ஒரு நர்ஸ் மணிக்கொரு முறை வந்து புது மார்பின் நிறத்தைப் பார்ப்பார், விரலால் அழுத்தி ரத்தம் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனிப்பார், சிறிய டாப்ளர் கருவியை வைத்து ரத்தம் ஓடும் ஓசையைக் கேட்பார். இருட்டில் அந்த 'உஷ்... உஷ்...' ஓசை கேட்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு வந்தது. இணைத்த குழாய் அடைத்துக்கொண்டால் சில மணி நேரத்தில் திரும்பவும் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். தாமதித்தால் திசு செத்துவிடும். அதனால், "இரவில் பார்த்துக்கொள்ள யார் இருப்பார்கள்?" என்று முன்கூட்டியே கேட்பது மிகை அல்ல.

இம்ப்ளான்ட் பாதையில் முதலில் எக்ஸ்பாண்டர் என்னும் பை வைத்து, வாரக்கணக்கில் சலைன் ஏற்றித் தோலை விரிப்பது வழக்கம். பல எக்ஸ்பாண்டர்களில் ஊசி போடும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு காந்தம் இருக்கும். அது உள்ளே இருக்கும்போது எம்.ஆர்.ஐ. எடுப்பது ஆபத்து. முதுகு வலிக்கு வேறொரு மருத்துவர் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தால் இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மறுசீரமைப்பு கட்டாயம் என்று நினைப்பது

கட்டாயம் அல்ல. மார்பைத் தட்டையாகவே விட்டுவிடுவதும் முழுமையான ஒரு தேர்வு. ஆனால் தட்டையாக விடுவதற்கும் கைவேலை உண்டு. மிஞ்சும் தோலையும் கொழுப்பையும் சீராக எடுத்துத் தைக்காவிட்டால் அக்குளை ஒட்டி மடிப்பு தொங்கும், உள்ளாடை உரசும். அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2020-இல் இப்படிச் சீராக மூடும் முறையைத் தன் மருத்துவச் சொற்களஞ்சியத்தில் தனிப் பெயரோடு சேர்த்தது. இது வேண்டும் என்றால் வாய் திறந்து சொல்லுங்கள், சம்மதப் படிவத்திலும் எழுதச் சொல்லுங்கள். "பிறகு மனம் மாறும், கொஞ்சம் தோலை விட்டு வைக்கிறேன்" என்று மருத்துவர் தாமாக முடிவெடுத்த கதைகளைக் கேட்டிருக்கிறேன். உடுப்புக்குள் வைத்துக்கொள்ளும் செயற்கை மார்பகமும் பலருக்கு வாழ்நாள் முழுவதும் போதுமானதாக இருக்கிறது.

படத்தைக் காட்டி, 'இது வேண்டும்' என்பது

அழகுக்காகச் செய்துகொள்பவர்களிடம் நான் அதிகம் காணும் தவறு இது. கைபேசியில் வேறொருவரின் படம், அல்லது 'சி கப் வேண்டும்' என்ற ஒரு வார்த்தை. கப் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எந்த சர்ஜனும் அதை வைத்து உத்தரவாதம் தர முடியாது. நெஞ்சின் அகலம், தோலின் இழுவை, ஏற்கெனவே இருக்கும் திசுவின் கனம் ஆகியவைதான் எவ்வளவு பெரிய இம்ப்ளான்ட் தாங்கும் என்பதைச் சொல்லும். அந்த அளவை மீறினால் தோல் மெலிந்து, சில வருடங்களில் கீழே இறங்கும்.

தொங்கும் மார்புக்கு இம்ப்ளான்ட் வைத்தால் நிமிர்ந்துவிடும் என்று நினைப்பதும் அடிக்கடி நடக்கிறது. தூக்கி நிறுத்துவது வேறு அறுவை சிகிச்சை, அளவைக் கூட்டுவது வேறு. தூக்குவதில் அளவு கூடாது, தழும்பு இருக்கும்; காம்பைச் சுற்றியும் கீழ்நோக்கியும் சில சமயம் மடிப்பின் ஓரமாகவும் ஓடும். அந்தத் தழும்பு மங்க ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ கொழுப்பை உறிஞ்சி மார்பில் செலுத்தும் முறையில் செலுத்தியதில் ஒரு பகுதியை உடல் கரைத்துவிடும்; ஒன்றுக்கு மேற்பட்ட முறை செய்ய வேண்டி வரும். சிலருக்கு அந்தக் கொழுப்பு உள்ளே கட்டியாக நின்று, புற்றுநோயோ என்று பயாப்ஸி வரைக்கும் கொண்டுபோகும்.

குறைக்கும் அறுவை சிகிச்சையை அழகுச் சிகிச்சை என்று ஒதுக்குவது எனக்குக் கோபம் வரவைக்கும். தோளில் பட்டை பதிந்த பள்ளம், கழுத்து வலி, மடிப்புக்குள் ஆறாத புண் என்று வருடக்கணக்கில் அவதிப்படும் பெண்ணிடம் 'இதெல்லாம் ஒரு நோயா' என்பவர்கள் அந்த எடையை ஒரு நாள் சுமந்து பார்க்கவில்லை. ஆனால் தாய்ப்பால் கொடுக்கும் திறன் இதனால் குறையலாம். இனி குழந்தை வேண்டும் என்றால், அல்லது எடை பெரிதாகக் குறையப்போகிறது என்றால், அதற்குப் பிறகு செய்துகொள்வது நல்லது. கர்ப்பமும் எடை மாற்றமும் வடிவைத் திரும்பவும் மாற்றிவிடும். எடுத்த திசு ஆய்வுக்கூடத்துக்குப் போகிறதா என்றும் கேளுங்கள். அரிதாக அதில் மறைந்திருக்கும் புற்றுநோய் தெரியவரும்.

ஆண்களுக்கு மார்பு வீங்குவதும் உண்டு. வளரிளம் பருவத்தில் வருவது பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். வயது வந்தவருக்கு வந்தால் சாப்பிடும் மருந்து, ஈரல், ஹார்மோன், விரைகள் எல்லாவற்றையும் பரிசோதிக்காமல் கத்தி வைக்கக் கூடாது.

மார்பை ஊசியால் பெரிதாக்குகிறோம் என்று யாராவது சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள். திரவ சிலிகானை உடம்புக்குள் செலுத்தினால் அது இடம்விட்டு நகரும், திசுவைக் கட்டியாக்கும், ரத்தக் குழாய்க்குள் புகுந்தால் உயிரையே எடுக்கும்.

இம்ப்ளான்ட் வாழ்நாள் முழுவதும் வரும் என்று நம்புவது

முதல் சிலிகான் இம்ப்ளான்ட் 1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் வைக்கப்பட்டது. அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும், வாழ்நாள் உத்தரவாதம் உள்ள இம்ப்ளான்ட் என்று ஒன்று வரவில்லை. எவ்வளவு காலம் உள்ளே இருக்கிறதோ அவ்வளவுக்குச் சிக்கலும் மறு அறுவையும் வரும் வாய்ப்பு கூடும். இருபத்தைந்து வயதில் வைத்துக்கொள்பவர் இன்னும் ஒரு முறையாவது, ஒருவேளை பல முறை, தியேட்டருக்குள் போவார் என்று கணக்கு வைத்துக்கொள்வதே நேர்மை. செலவையும் அப்படியே கணக்கிட வேண்டும்.

சலைன் இம்ப்ளான்ட் கிழிந்தால் மார்பு வற்றிப்போய்த் தெரிந்துவிடும். சிலிகான் கிழிந்தால் பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாது. அதனால்தான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ., தொந்தரவு ஏதும் இல்லாவிட்டாலும் ஐந்தாறு வருடத்தில் ஒரு அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ., பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை என்று பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. இதை எத்தனை பேர் செய்கிறார்கள்? என்னோடு பேசியவர்களில் பாதிப் பேர் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றார்கள்.

எந்த நிறுவனத்தின் எந்த மாடல் உங்கள் உடம்பில் இருக்கிறது என்பது தெரியாமல் இருப்பது இன்னொரு பெரிய தவறு. பிரான்ஸின் பி.ஐ.பி. நிறுவனம் மருத்துவத் தரமில்லாத தொழிற்சாலை சிலிகானை நிரப்பி விற்றது 2010-இல் வெளியே வந்தது. உலகெங்கும் லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் உடம்பில் இருப்பது அதுதானா என்று தவித்தார்கள். 2019-இல் அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் வகை, சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட இம்ப்ளான்ட்டுகள் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டன. காரணம், இம்ப்ளான்ட்டைச் சுற்றியுள்ள உறையில் வரும் ஒரு வகை லிம்ஃபோமா புற்றுநோய். அது அரிது, முக்கியமாகச் சொரசொரப்பான வகைகளோடு சேர்த்தே காணப்படுகிறது. வைத்துப் பல வருடம் கழித்து ஒரு பக்க மார்பு திடீரென்று வீங்குவதுதான் வழக்கமான முதல் அறிகுறி. வீக்கத்தில் சேர்ந்திருக்கும் நீரை எடுத்து இந்த நோய்க்கென்றே பரிசோதிக்கச் சொல்ல வேண்டும். நேரத்தில் கண்டுபிடித்து இம்ப்ளான்ட்டை உறையோடு எடுத்துவிட்டால் பெரும்பாலோர் குணமாகிறார்கள். 2021-இல் எஃப்.டி.ஏ. எல்லா மார்பக இம்ப்ளான்ட்டுகளுக்கும் கட்டம் கட்டிய எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. ஒவ்வொரு வரியாகப் படித்துக் கையெழுத்திட வேண்டிய பட்டியலையும் நோயாளிக்குத் தரச் சொன்னது. விடாத அசதி, மூட்டு வலி, மறதி போன்றவற்றைச் சில பெண்கள் சொல்வதும் அதில் இடம்பெறுகிறது. "மனப்பிரமை" என்று தள்ளும் மருத்துவரிடம் மேலே பேச வேண்டியதில்லை, வேறொருவரைப் பாருங்கள்.

அறுவை முடிந்ததும் ஓர் அட்டை தருவார்கள். நிறுவனம், மாடல், வரிசை எண் எல்லாம் அதில் இருக்கும். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள். மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே எடுக்கப் போனால் இம்ப்ளான்ட் இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். அதைப் பின்னால் தள்ளி வைத்து எடுக்கும் தனி முறை இருக்கிறது. இம்ப்ளான்ட் இருப்பதால் மேமோகிராமே வேண்டாம் என்று நிறுத்திவிடுவது ஆபத்து.

சர்ஜனிடம் மறைப்பது

புகைப் பழக்கத்தை மறைப்பவர்கள் அதிகம், அதுவும் வீட்டுக்காரர்கள் பக்கத்தில் இருந்தால். நிகோட்டின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கும். மார்பு அறுவையில் தோலும் காம்பும் உயிரோடு இருப்பது அந்தக் குழாய்களை நம்பித்தான். மறைத்தால் காம்பு கறுத்து உதிரும் அளவுக்குப் போகலாம். குறைந்தது நான்கு வாரம் முன்னும் நான்கு வாரம் பின்னும் நிறுத்தச் சொல்வார்கள். நிகோட்டின் பேட்ச், சூயிங்கம், மின் சிகரெட் எல்லாமே இதில் அடங்கும். ஆஸ்பிரின், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மருந்துகள், மீன் எண்ணெய் மாத்திரை, மூலிகை லேகியம் என்று வாய் வழியே போவது எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுபோங்கள். ஹார்மோன் மாத்திரையும், புற்றுநோய்க்குச் சாப்பிடும் டாமாக்ஸிஃபெனும் ரத்தக் கட்டு அபாயத்தோடு தொடர்புள்ளவை. ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

சர்ஜனைத் தேர்ந்தெடுக்கும்போது சலுகை விலையைப் பார்த்துப் போகாதீர்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் முறையான பயிற்சி உண்டா, இதே அறுவையை வருடத்துக்கு எத்தனை செய்கிறார், மயக்க மருந்து கொடுப்பவர் யார், சிக்கல் வந்தால் அதே இடத்தில் சமாளிக்க வசதி உண்டா என்று கேளுங்கள். முன்-பின் படங்களில் உங்களைப் போன்ற உடல்வாகு உள்ளவரின் படத்தையும், சரியாக வராத ஒன்றையும் காட்டச் சொல்லுங்கள். சரியாக வராததைக் காட்டத் தயங்காத மருத்துவரைத்தான் நான் நம்புவேன்.

வீட்டுக்கு வந்த பிறகு

அக்கா வீட்டுக்கு வந்தபோது இடுப்பில் நான்கு டிரெயின் குழாய்கள், அதாவது காயத்துக்குள் சேரும் நீரை வெளியேற்றும் குழாய்கள், தொங்கின. ஒவ்வொன்றின் முனையிலும் கையெறி குண்டு போன்ற ஒரு பிளாஸ்டிக் குமிழ். காலையிலும் மாலையிலும் அதைத் திறந்து, அளவுக் கோப்பையில் ஊற்றி, எத்தனை மில்லி என்று குழாய் வாரியாக நோட்டில் எழுதுவேன். குமிழை அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடுவேன். முதல் நாள் சிவப்பு, பிறகு இளஞ்சிவப்பு, பிறகு வைக்கோல் நிறம். பொதுவாக ஒரு நாளில் முப்பது மில்லிக்குக் கீழே போனால்தான் எடுப்பார்கள். தொந்தரவாக இருக்கிறது என்று சீக்கிரம் எடுக்கச் சொல்லி வற்புறுத்துவதும், கணக்கு எழுதாமல் தோராயமாகச் சொல்வதும் உள்ளே நீர் கட்டுவதில் போய் முடியும். காய்ச்சல், பரவும் சிவப்பு, ஒரு பக்கம் மட்டும் திடீர் வீக்கம், கெண்டைக்கால் வலி, மூச்சுத் திணறல் எதுவானாலும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

எங்களுக்கு யாரும் சரியாகச் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மறுசீரமைத்த மார்பு பார்க்க மார்பு போல இருக்கும். தொடு உணர்வு பெரும்பாலும் திரும்பாது, திரும்பினாலும் கொஞ்சம்தான். மார்பை அகற்றும்போது நரம்புகளும் வெட்டுப்படுகின்றன. அறுவை முடிந்து ஐந்து மாதம் கழித்து ஒரு குளிர்காலத்து இரவில் தோள் வலிக்கு அக்கா வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு படுத்தாள். அது நழுவி மார்பின் மேல் விழுந்து கிடந்திருக்கிறது. அவளுக்குத் தெரியவில்லை. காலையில் நைட்டியைக் கழற்றும்போது துணி ஈரமாக ஒட்டியிருந்தது. விலக்கிப் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். வலியே இல்லை என்றாள். அந்தப் புண் ஆற ஆறு வாரம் ஆயிற்று. இப்போது வெயிலில் நின்றாலும் அடுப்பருகே குனிந்தாலும் அவள் கை தானாகவே அந்தப் பக்கம் போகிறது. உள்ளங்கையை மார்பில் வைத்து, சூடு எவ்வளவு என்று கையைக் கொண்டே தெரிந்துகொள்கிறாள்.